ஷான்டியி: குதிரைக்குக் கட்டிய அரண்மனை

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதற்கு அருகில் லா ஷப்பல் பகுதியில் இருக்கும் நம் கடைத்தெருவுக்கு, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்கவென்று, பாரிஸைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வந்துபோகின்றன. நானும் அப்படித்தான் ஆண்டுக்கணக்காக அந்த நிலையத்தில் இறங்கி, பைகளை நிரப்பிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அதே நிலையத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் வட்டார ரயிலில் ஏறினால் சுமார் 25 நிமிடங்களில் ஓக் காட்டின் ஓரத்தில், குதிரைகளுக்கென்று அரண்மனை எழுப்பிய ஓர் ஊரில் இறங்கலாம் என்பது வெகு காலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. முதல் முறை பிள்ளைகளுக்கு ஒரு கோட்டையைக் காட்டலாம் என்று போனேன். அதற்குப் பிறகு பருவத்துக்கு ஒரு முறையாவது போய்வருகிறேன், பெரும்பாலும் தனியாக.

ஊரின் பெயரை எழுத்துப்படி சாண்டில்லி என்று படிப்பவர்கள் நம்மில் உண்டு. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஷான்டியி. பதினோராயிரம் பேர் அளவில் வாழும் சிற்றூர்தான். ஆனால் அந்த ஊரிலும் அதை ஒட்டிய கிராமங்களிலுமாகப் பந்தயக் குதிரைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் பயிற்சி பெறுகின்றன. அங்கே போகிறவர்களில் பலர் பத்து மணிக்கு மேல் வந்து, மாளிகையைச் சுற்றிப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஷான்டியியின் முதல் காட்சி விடியற்காலையில், காட்டுக்குள் நடக்கிறது. அதற்கு நுழைவுச்சீட்டும் கிடையாது.

அக்டோபர் மாதத்தில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தால் பொழுது புலரும் நேரத்தில் இறங்கிவிடலாம். ரயில் நின்ற இடத்திலிருந்து சற்று நடந்தாலே மரங்கள் தொடங்கிவிடும். காட்டின் குறுக்கே மணல் பரப்பிய அகலமான பாதைகள் நேர்கோடாக ஓடுகின்றன. காலையிலிருந்து மதியம் 1 மணி வரை அவை குதிரைகளுக்கு மட்டுமே உரியவை. நடந்து வருகிறவர்கள் ஓரத்து ஒற்றையடிப் பாதையில்தான் நிற்க வேண்டும். நான் அப்படி ஒரு மரத்தடியில் நின்றுகொள்வேன். முதலில் ஓசைதான் வரும். மணலில் விழும் குளம்புக்குக் கல் தெருவில் கேட்கும் கூர்மை இல்லை. நெல் மூட்டையைத் தரையில் போட்டதுபோல் அடக்கமான, கனமான ஓசை, அதுவும் காதுக்கு முன்னால் கால்களுக்குத்தான் எட்டும். பிறகு மூச்சு. பாய்ந்து ஓடும் குதிரை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு விடும் என்பதை நான் எங்கோ படித்திருந்தேன். அங்கே நின்று கேட்டபோதுதான் அது விளங்கியது. துருத்தி ஊதுவதுபோல அந்த மூச்சு கால்களின் தாளத்தோடு பிசகாமல் வந்து, நம்மைக் கடந்து, பனிமூட்டத்துக்குள் கரைந்துபோகும். குதிரையின் இடுப்பில் போர்த்திய கம்பளியிலிருந்து ஆவி எழும். மேலே இருப்பவர்கள் சேணத்தில் உட்காருவதில்லை, கால்வளையங்களில் எழுந்து முன்னால் குனிந்து நிற்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் இளம் பெண்கள். வேகம் தணிந்து நடைக்குத் திரும்பிய பிறகு, கடைசியாக வருபவர் கையை உயர்த்தி ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

இந்த ஊர் குதிரைகளுக்கு வாய்த்ததற்குக் காரணம் மண். ஷான்டியியின் நிலம் மணற்பாங்கானது. மழை நீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் குளம்புகளுக்கு மென்மையான, வழுக்காத தரை கிடைக்கிறது. வேட்டைக்கு வந்த பிரபுக் குலத்து இளைஞர்கள் பெரிய லாயத்தின் எதிரே விரிந்திருந்த புல்வெளியில் தங்களுக்குள் போட்டியிட்டு ஓட்டிப் பார்த்ததில்தான் பந்தயத்துக்கான எண்ணம் பிறந்தது என்பார்கள். முறையான முதல் பந்தயம் 1834 மே 15 அன்று நடந்தது. அதன்பின் இங்கிலாந்திலிருந்து பயிற்சியாளர்களும், குதிரை பராமரிப்பவர்களும், ஜாக்கிகளும் குடும்பங்களோடு வந்து குடியேறினார்கள். அவர்களுக்கென்று எழுந்த ஆங்கிலிக்கன் தேவாலயம் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. குதிரை லாயத்தில் வேலை செய்கிறவரைக் குறிக்கப் பிரெஞ்சு மொழி இன்றுவரை வழங்கும் ‘லாட்’ என்ற சொல்லும் அவர்கள் கொண்டுவந்ததுதான். புலம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கள் தொழிலோடு தங்கள் சொல்லையும் ஓர் ஊரில் ஊன்றிவிட்டுப் போனதை, புலம்பெயர்ந்த ஒருவனாக நான் தனி மகிழ்ச்சியோடுதான் எண்ணிக்கொள்கிறேன்.

பந்தயத் திடலின் பெரிய நாட்கள் ஜூன் மாதத்தில் வருகின்றன. 1836-இல் தொடங்கிய ஜாக்கி கிளப் பரிசும், 1843-இல் தொடங்கிய டியான் பரிசும் மூன்று வயதுக் குதிரைகளுக்கானவை. டியான் பெண் குதிரைகளுக்கு மட்டுமே உரியது. இரண்டுமே இப்போது 2,100 மீட்டர் தூரம். டியான் நாளன்று சீமாட்டிகள் அணிந்துவரும் தொப்பிகளைப் பத்திரிகைகள் குதிரைகளைவிட அதிகமாகப் படம் பிடிக்கின்றன. பாரிஸின் லோன்ஷான் திடல் புதுப்பிக்கப்பட்டபோது, உலகப் புகழ்பெற்ற ஆர்க் து திரியோம்ஃப் பரிசுப் பந்தயமே 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் இங்கே இடம் மாறி நடந்தது. எனக்குப் பந்தயம் கட்டுவதில் நாட்டமில்லை. ஆனால் கடைசி வளைவில் குதிரைகள் திரும்பும்போது, அவற்றின் பின்னணியில் அந்த நீண்ட லாயத்தின் முகப்பு வெயிலில் ஒளிர்வதைப் பார்க்க, சாதாரண பந்தய நாட்களில் ஒரு முறையேனும் திடலுக்குப் போகலாம்.

அந்த லாயத்தை முதன்முதலில் பார்த்தபோது அதுதான் மாளிகை என்று நான் நினைத்துக்கொண்டேன். என் பிள்ளைகளும் அப்படியே நினைத்தார்கள். 186 மீட்டர் நீளம்; நடுவில் 28 மீட்டர் உயரத்துக்கு உட்புறம் எழும்பிய ஒரு குவிமாடம்; முகப்பெங்கும் குதிரைகளும் வேட்டைக் காட்சிகளும் செதுக்கிய கல். 1719-இல் கட்டத் தொடங்கி, கட்டடக் கலைஞர் ழான் ஓபேரின் திட்டப்படி பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்தது. 240 குதிரைகளும் 150 வேட்டை நாய்களும் இதில் இருந்தன. கட்டியவர், பிரெஞ்சு அரச குடும்பத்தின் ஒரு கிளையான கோந்தே குலத்தின் ஏழாவது இளவரசரான லூயி-ஆன்றி து பூர்போன். தாம் மறுபிறவியில் குதிரையாகப் பிறப்போம் என்று அவர் நம்பியதாகவும், அந்தப் பிறவியிலும் தம் தகுதிக்கேற்ற வீடு வேண்டும் என்றுதான் இதைக் கட்டினார் என்றும் ஒரு கதை ஊரில் வழங்குகிறது. ஐரோப்பியப் பயணிகளுக்கு இது ஒரு விசித்திரம். நானோ, முன்பின் தெரியாத ஓர் ஊரில் நமக்கு நன்கு பழக்கப்பட்ட ஒரு எண்ணம் கல்லில் நிற்பதைக் கண்டதுபோல், வெகுநேரம் அந்தக் குவிமாடத்தின் கீழ் நின்றிருந்தேன்.

இந்த லாயத்துக்கும் நம் மண்ணுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரான்சின் நிதியைக் கையில் எடுத்து, கடல் கடந்த வணிக நிறுவனங்களையெல்லாம் ஒரே கும்பினியாக இணைத்தது அதே 1719-இல்தான். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியும் அதற்குள் கரைந்தது. அந்தப் புதிய கும்பினியின் பங்குகளை வாங்கப் பாரிஸ் நகரமே தெருவில் இறங்கி அலைமோதியது. மறு ஆண்டே எல்லாம் சரிந்து எண்ணற்ற குடும்பங்கள் கையிருப்பை இழந்தன. லூயி-ஆன்றி இழக்கவில்லை, உரிய நேரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்துவிட்டார். லாயத்தின் ஒவ்வொரு கல்லும் அந்தக் காலத்துச் செல்வத்தின் மீது நிற்கிறது. புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் நடந்திருக்கிற யாருக்கும் இந்தச் செய்தி லாயத்தின் அழகைக் குறைக்காது. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் இருந்த கணக்குப் புத்தகத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

1782-இல் பிற்காலத்து ரஷ்யப் பேரரசர் பாவெல், அப்போது பட்டத்து இளவரசராக, ஷான்டியிக்கு விருந்தினராக வந்தார். குவிமாடத்தின் கீழ் திரைச்சீலைகள் சூழ இரவு விருந்து நடந்ததாகவும், உண்டு முடித்தபின் திரைகள் விலக்கப்பட, இருபுறமும் வரிசையாகக் குதிரைகள் நிற்பதைக் கண்ட பிறகே தாம் லாயத்தில் விருந்துண்டதை அவர் அறிந்ததாகவும் சொல்கிறார்கள். இப்போதும் அதே வட்ட அரங்கில் குதிரைக் காட்சிகள் நடக்கின்றன. லாயத்தின் ஒரு பகுதி குதிரை அருங்காட்சியகமாக இருக்கிறது. 1982-இல் ஒரு குதிரையேற்ற ஆசிரியரின் முயற்சியில் தொடங்கி, 2013-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. கடிவாளங்கள், சேணங்கள், பல நாட்டு ஓவியங்கள் எல்லாம் இருந்தாலும், உயிருள்ள குதிரைகள் தங்கள் கொட்டில்களிலிருந்து தலை நீட்டி, பார்வையாளர்களின் சட்டைக் கையை முகர்ந்து பார்ப்பதுதான் பிள்ளைகள் மனதில் நிற்கும். லாயங்களையும் மாளிகையையும் செப்பனிட 2005-இல் அறக்கட்டளை நிறுவித் துணைநின்ற, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான், 2025 பிப்ரவரியில் காலமானார்.

பிரெஞ்சுப் புரட்சி இளவரசர்களின் பெரிய மாளிகையை விட்டுவைக்கவில்லை. முதலில் சிறையாக்கினார்கள், பிறகு இடித்துக் கல்லாக விற்றார்கள். குதிரைப் படைக்குப் பயன்பட்டதால் லாயம் தப்பியது. ஆகவே இன்று குளத்தின் நடுவே கோபுரங்களோடு நிற்கும் மாளிகையில் பழமையானது சிறிய பகுதி மட்டுமே. அது 1560 வாக்கில் ஆன் து மோன்மொரென்சி என்ற படைத்தலைவருக்காகக் கட்டப்பட்டது. பெரிய பகுதி 1875-க்கும் 1885-க்கும் இடையில் எழுந்த 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கட்டடக் கலை அறிந்தவர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கோ அதைக் கட்டியவரின் வாழ்க்கை தெரிந்தபிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஓமால் கோமகன் ஆன்றி தோர்லேயான், அரசர் லூயி-பிலிப்பின் ஐந்தாவது மகன். எட்டு வயதில், 1830-இல், வாரிசில்லாமல் இறந்த கடைசி கோந்தே இளவரசரின் சொத்தில் பெரும்பகுதி அவருக்கு வந்தது. 1848-இல் தந்தை அரியணை இழந்தபோது இங்கிலாந்துக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில்தான் ஓவியங்களையும் சுவடிகளையும் வாங்கிக் குவித்தார். மூத்த மகன் இருபது வயதில், 1866-இல், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இறந்தான். 1869-இல் மனைவி போனார். நாடு திரும்பிய மறு ஆண்டே, 1872-இல், எஞ்சியிருந்த ஒரே மகனும் பதினெட்டு வயதில் இறந்தான். அதன் பிறகுதான் அவர் இந்த மாளிகையைக் கட்டினார். வாரிசில்லாத வீட்டை யாருக்காகக் கட்டினார் என்ற கேள்விக்கு விடை அவருடைய உயிலில் இருக்கிறது: மாளிகை, சேகரிப்புகள், லாயம், காடு எல்லாவற்றையும் பிரான்சின் அறிஞர் கழகமான அன்ஸ்தித்யூ து ஃபிரான்சுக்குக் கொடுத்தார். 1886-இல் குடியரசு அவரை இரண்டாம் முறை நாடு கடத்தியபோது, உயிலில் எழுதியிருந்ததை வாழும்போதே நன்கொடையாக்கினார். தன்னைத் துரத்திய நாட்டுக்கு, துரத்தப்பட்ட அதே ஆண்டில். 1889-இல் அவரைத் திரும்ப அனுமதித்தார்கள், 1897-இல் இறந்தார், 1898 ஏப்ரலில் கோந்தே அருங்காட்சியகம் மக்களுக்குத் திறந்தது.

கொடைக்கு அவர் வைத்த நிபந்தனைகள் கடுமையானவை. எந்த ஓவியமும் வெளியே இரவலாகப் போகக்கூடாது, எதையும் விற்கக்கூடாது, அவர் மாட்டிவைத்த ஒழுங்கை மாற்றக்கூடாது. அதனால் இன்றைய அருங்காட்சியகங்களில் நாம் பழகிவிட்ட வெறுஞ்சுவர் இங்கே இல்லை. ஓவியங்கள் சட்டத்தோடு சட்டம் உரச, இரண்டு மூன்று அடுக்காகக் கூரை வரை ஏறுகின்றன. நூற்றாண்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் பார்க்காமல் ஒன்றின் பக்கத்தில் ஒன்று. பிரான்சில் பழைய ஓவியங்களுக்கு லூவ்ருக்கு அடுத்த இடம் இதுதான் என்கிறார்கள். பியெரோ தி கோசிமோவின் சிமொனெத்தா, பூசெனின் பச்சிளங் குழந்தைகளின் படுகொலை, இருபத்து நான்கு வயது ஆங்கரின் தன்னுருவம் ஆகிய எல்லாவற்றையும் காண அந்த ஊருக்கே போக வேண்டும். அவை எந்தக் காலத்திலும் நம்மைத் தேடி வரமாட்டா. முதலில் இந்த நிபந்தனையைப் பிடிவாதம் என்று நினைத்தேன். பிள்ளைகள் இருவரையும் அந்நிய மண்ணிலும் சொந்த மண்ணிலுமாக இழந்த ஒருவர், எஞ்சியவையாவது இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று எழுதிவைத்ததாகவே இப்போது படுகிறது.

அங்கே ‘சந்துவாரியோ’ என்று ஒரு சிறு அறை உண்டு. கருவறையின் அளவும் அதன் மங்கலான ஒளியும் கொண்டது. ழான் ஃபூக்கே 15-ஆம் நூற்றாண்டில் தீட்டிய நாற்பது நுண்ணோவியங்களோடு, ரஃபாயேலின் ‘மூன்று தேவியர்’ அங்கேதான் இருக்கிறது. பெரிய பெயரைக் கேட்டுப் பெரிய ஓவியத்தைத் தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் அது ஒரு சாண்கூட இல்லை. ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் சதுரப் பலகை. மூன்று பெண்கள், ஒவ்வொருவர் கையிலும் ஓர் உருண்டைக் கனி, பின்னால் மலையும் நீரும். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால், நடுவில் நம் பக்கம் முதுகு காட்டி நிற்பவளின் கை, பக்கத்தில் நிற்பவளின் தோளில் எவ்வளவு இலேசாகப் படிந்திருக்கிறது என்பது தெரியும். அந்த ஒரு தொடுகைக்காகவே நான் மறுபடி மறுபடி அந்த அறைக்குள் போகிறேன்.

மாளிகையின் பழமையான சிறிய பகுதியில் இன்னோர் ஓவியத்தையும் தவறவிடக் கூடாது. 1643-இல் ரோக்குருவாவில் ஸ்பானியப் படையை முறியடித்த, அதே கோந்தே குலத்துத் தளபதியான ‘பெரிய கோந்தே’, பின்னாளில் தம் அரசனுக்கு எதிராக ஸ்பெயினோடு சேர்ந்து போரிட்டு, மன்னிப்புப் பெற்றுத் திரும்பியவர். அவருடைய போர்களைச் சித்திரிக்கும் கூடத்தின் நடுவே ‘மனம் வருந்துதல்’ என்ற ஓவியம் இருக்கிறது. அதில் வரலாற்றின் தேவதை, அவர் எதிரியின் பக்கம் நின்று பெற்ற வெற்றிகளைப் பதிந்த ஏடுகளைப் புத்தகத்திலிருந்து கிழித்துக்கொண்டிருக்கிறாள். கிழிந்த தாளில் இருப்பதை நாம் படிக்கும்படியே ஓவியர் தீட்டியிருக்கிறார். மறைப்பதைப் போல மறைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அந்தக் கூர்மையை நான் வேறு எந்த அரண்மனைச் சுவரிலும் கண்டதில்லை. அதற்கு அருகிலேயே குரங்குகள் மனிதரைப்போல் உடுத்தி வேட்டையாடும் ஓவியங்கள் நிறைந்த ஓர் அறையும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அங்கே சற்று அதிக நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நூலகத்தில் சுமார் 1,500 கையெழுத்துச் சுவடிகள் உள்ளன. அவற்றுள் பெர்ரி கோமகனின் வழிபாட்டு நூலுக்கு ஈடு வேறெங்கும் இல்லை. லிம்பூர்க் சகோதரர்கள் மூவரும் 1411 வாக்கில் தீட்டத் தொடங்கினார்கள். 1416-இல் கோமகனும் இறந்து, சகோதரர்கள் மூவரும் இறந்துவிட, வேலை பாதியில் நின்றது. பின்னாளில் வேறு கைகள் தொட்டு, 1485 அளவில் ழான் கொலோம்ப் அதை முடித்தார். 1856-இல், இத்தாலிக்கு வந்த இடத்தில், ஓமால் கோமகன் அதை ஜெனோவாவில் கண்டு வாங்கினார். கேட்டவர் எல்லோருக்கும் காட்டக்கூடிய பொருளல்ல அது; வழக்கமாக நகலைத்தான் பார்க்க முடியும். 2025-இல் பழுதுபார்ப்பதற்காகக் கட்டைப் பிரித்தபோது, பன்னிரண்டு மாதங்களின் ஏடுகளையும் தனித்தனியாகப் பார்க்கக் கோடை முழுதும், அக்டோபர் தொடக்கம் வரை வைத்திருந்தார்கள். ஏ4 தாள் அளவுதான் ஒவ்வொன்றும். பிப்ரவரியில் பனி மூடிய முற்றம், குளிருக்குக் கையை வாயருகே வைத்து வருகிற ஓர் ஆள், பட்டிக்குள் ஒடுங்கிய ஆடுகள். ஜனவரியில் தங்கத் தட்டுகளோடு கோமகனின் விருந்து. ஆனால் நான் நின்றுவிட்டது அக்டோபரின் முன்னால். பின்னணியில் அந்தக் காலத்து லூவ்ர் கோட்டை. முன்னணியில் ஒருவன் விதை தூவுகிறான். இன்னொருவன் குதிரை மேல் அமர்ந்து பரம்படிக்கிறான். பரம்பு மண்ணில் நன்றாக அழுந்த அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் சேற்று வயலில் பரம்படிக்கும்போது பாரத்துக்காகப் பரம்பின் மேல் ஆள் ஏறி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் இளவரசனின் ஜெபப் புத்தகத்தில் அந்தக் கல்லைக் கண்டபோது, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றி, சொல் கிடைக்காமல் சும்மா நின்றேன்.

மாளிகையை விட்டு வெளியே வந்தால் அந்த்ரே ல நோத்ர் அமைத்த தோட்டமும், நோனெத் ஆற்றைத் திருப்பி அவர் வெட்டிய கால்வாயும் விரிகின்றன. கால்வாயின் நீளம் 2.5 கிலோமீட்டர், வெர்சாயில் இருப்பதைவிடவும் அதிகம். இந்தத் தோட்ட வேலைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1671 ஏப்ரலில், பெரிய கோந்தே அரசர் பதினான்காம் லூயியையும் அவருடைய பரிவாரம் முழுவதையும் விருந்துக்கு அழைத்தார். ஏற்பாடு எல்லாம் வத்தேல் என்ற மேற்பார்வையாளர் கையில். முதல் இரவு எதிர்பார்த்ததைவிட ஆட்கள் அதிகமாகி, சில மேசைகளுக்கு வறுத்த இறைச்சி போதவில்லை. பனிமூட்டத்தால் வாணவேடிக்கையும் வீணானது. மறுநாள் வெள்ளிக்கிழமை, இறைச்சி விலக்கிய நாள். விடியற்காலை 4 மணிக்கு மீன் வண்டியை எதிர்பார்த்துப் போனவருக்கு, இரண்டு சுமைதான் வந்திருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு இரவுகளாகத் தூங்காதவர். தம் அறைக்குப் போய், வாளைக் கதவில் ஊன்றித் தம்மைக் குத்திக்கொண்டார். மூன்றாவது குத்தில் உயிர் போனது. அதே வேளையில் நாலா பக்கமிருந்தும் மீன் வந்துகொண்டிருந்தது. மதாம் து செவினே மகளுக்கு எழுதிய கடிதங்களால் இந்தச் செய்தி நமக்கு எட்டியிருக்கிறது. ஒரு வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவரின் பாரம் எத்தகையது என்பதைக் கல்யாணப் பந்தி நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஷான்டியி கிரீமை வத்தேல்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்தக் கிரீம் அடுத்த நூற்றாண்டில் புகழ் பெற்றது. அதனோடு சேர்த்துச் சொல்லப்படுவது தோட்டத்துக்குள் 1774-இல் கட்டிய சிறு குடில்களின் கூட்டம். வெளியே பார்த்தால் ஓலை வேய்ந்த குடியானவர் வீடு. உள்ளே இளவரசர்கள் விருந்துண்ணும் கூடம். வெர்சாயில் அரசி மரி அந்துவானெத் அமைத்த சிற்றூருக்கு இது முன்மாதிரி. இப்போதும் அங்கே அமர்ந்து கிரீம் உண்ணலாம். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம், வனிலாவின் மணம், அளவான இனிப்பு. நான் இனிப்புப் பிரியன் இல்லை. ஆனாலும் அங்கே போய் அதைத் தவிர்த்ததில்லை.

கறுப்புப் பட்டு நூலில் பின்னும் ஷான்டியி லேஸும், லூயி-ஆன்றியின் ஆதரவில் ஜப்பானியப் பாணியைத் தழுவிச் செய்த பீங்கானும் ஊரின் பெயரைப் பரப்பின. முதல் உலகப் போரில் தளபதி ழோஃப்ர் இங்கிருந்துதான் பிரெஞ்சுப் படையை நடத்தினார். சோம் போர்முனைத் தாக்குதலுக்கு வழிவகுத்த முடிவு 1915 டிசம்பரில் இங்கே கூடிய நேசநாட்டு மாநாட்டில் எடுக்கப்பட்டது.

கடைசியாகக் காடு. 6,300 ஹெக்டேர். ஓமால் கோமகனின் கொடையில் பரப்பால் மிகப் பெரியது இதுதான். நான்கு கொம்மெல் குளங்கள் காட்டின் தெற்கே இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் ஷாலி மடத்துத் துறவிகள் மீன் வளர்க்க வெட்டியவை. பாரிஸிலிருந்து வரும் ரயில் ஓர் உயரமான பாலத்தைக் கடக்கும்போது அந்தப் பள்ளத்தாக்கு கீழே ஒரு நொடி தெரிந்து மறையும். கரையில் ‘வெள்ளை அரசி’யின் பெயர் கொண்ட ஒரு குட்டி மாளிகை நிற்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே நடப்பதுபோல் நிம்மதி தரும் நடை வேறில்லை.

அந்தக் காடு இப்போது நோயில் இருக்கிறது. தலையை நிமிர்த்திப் பார்க்கத் தெரிந்துகொண்ட பிறகு அதைக் காணாமல் இருக்க முடிவதில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டு கண்ட ஓக் மரங்களின் உச்சிக் கிளைகள் கோடையிலேயே மொட்டையாக, சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. குதிரைகளுக்கு வரமாக இருந்த அதே மணல்தான் மரங்களுக்குச் சாபமாகியிருக்கிறது. மழை நீர் நிற்காமல் வடிந்துவிடும் மண்ணில், அடுத்தடுத்து வந்த வறட்சிகளையும், 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 பாகையைத் தொட்டதைப் போன்ற வெப்ப அலைகளையும், ஈரம் விரும்பும் ஓக் இனம் தாங்கவில்லை. மண்ணுக்கடியில் ஒருவகை வண்டின் புழுக்கள் வேர்களைத் தின்றுவிடுவதால், விழுந்த விதையிலிருந்து எழும் கன்றுகளும் நிலைப்பதில்லை. வன அலுவலர்களும் ஆய்வாளர்களும் ஊர் மக்களுமாகச் சேர்ந்து மரம் மரமாக அளந்து, எது பிழைக்கும், எது பிழைக்காது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கக்கூடிய மர வகைகளைச் சோதனையாக நட்டும் பார்க்கிறார்கள். ஓவியம் எதுவும் இடம் மாறக்கூடாது என்று எழுதிய உயிலின் கீழேயே இந்தக் காடும் வருகிறது. ஆனால் மரத்துக்கு மரம் மாற்றினாலன்றி அதைக் காக்க வழியில்லை என்கிறார்கள் அதைக் காப்பவர்கள். இதைக் கேட்டபோது, ஓமால் கோமகன் இன்று இருந்திருந்தால் தம் கையாலேயே அந்த ஒரு வரியைத் திருத்தியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

2025 அக்டோபர் தொடக்கத்தில், பெர்ரி கோமகனின் நூல் ஏடுகளின் கண்காட்சியைப் பார்த்துவிட்டுக் காட்டு வழியாக நிலையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம் 1 மணி தாண்டியிருந்தது. குதிரைகள் எல்லாம் லாயங்களுக்குத் திரும்பிவிட்டன. மணற்பாதை முழுவதும் குளம்புத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, உழுத வயலைப் போலக் கிடந்தது. புதிதாக நட்ட கன்றுகளைச் சுற்றி மான் தின்னாமலிருக்க வலைக்கூடு போட்டிருந்த ஒரு திருப்பத்தில் டிராக்டர் ஒன்று வந்தது. பின்னால் ஓர் இரும்புப் பரம்பை இழுத்துக்கொண்டு, மெதுவாக, பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. அது கடந்துபோன இடத்தில் மணல் சமமாகி, மறுநாள் விடியலுக்குத் தயாராகிக் கிடந்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஓட்டுநர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன்.